தாத்தாவைக் காணவில்லை!

"ஏன் நைனா, என்னை இந்த ஊர்க்காரி இல்லேன்னு சொல்லிடுவாங்களா?"

2025 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். திண்ணையில் உட்கார்ந்துகொண்டு என் அத்தை இந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் இரண்டாவது டம்ளர் காபியில் இருந்தேன். அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

அத்தைக்கு வயது 77. பிறந்தது 'காந்தி செத்த வருஷம்'. தேதி, நட்சத்திரமெல்லாம் கேட்கக் கூடாது. கல்யாணம் செய்துகொண்டு போனதுகூட இதே ஊரில் அடுத்த தெருவுக்குத்தான். இந்த ஊரை விட்டால் அவருக்குத் தெரிந்த ஊர்கள் மூன்று: பெரியபாளையம் (அம்மன்), பொன்னேரி (ஆஸ்பத்திரி), மெட்ராஸ் (அடுத்தவர் வீட்டுக் கல்யாணம்). அவரைப் போய் யார் வெளியூர்க்காரி என்று சொல்லப் போகிறார்கள்?

சமாசாரம் இதுதான். வாக்காளர் பட்டியலில் 'சிறப்புத் தீவிரத் திருத்தம்' என்று தேர்தல் கமிஷன் அறிவித்து, நவம்பர் 4-ம் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் வீடு வீடாகப் படிவம் வந்ததல்லவா? 2002-லோ 2005-லோ எடுத்த பழைய பட்டியலில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது? உங்கள் பெயர் இல்லாவிட்டால் அப்பா, அம்மா பெயர் எங்கே? தொகுதி எண், பாகம் எண், வரிசை எண் என்ன? இப்படி அந்தப் படிவம் கேள்வி மேல் கேள்வி கேட்டது. 20 வருஷத்துக்கு முன்னால் எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த ரூமில் ஓட்டுப் போட்டோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்பதே மறந்துபோச்சு!

நான் பி.காம். பத்திரிகைக்கு எழுதுவது பாதி நேரம், சிப்காட்டில் இரண்டு இரும்புக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுவது மீதி நேரம். 'சும்மாதானே செல்லை நோண்டினு இருக்கான்' என்று சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு நல்ல பெயர். ஆகவே தெருவில் பாதிப் பேரின் பூர்வீகத்தைத் தேடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அத்தையைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. பழைய பட்டியலில் இருக்கும் தொகுதிகள் 2008 மறுசீரமைப்புக்கு முந்தையவை. எங்கள் கும்மிடிப்பூண்டியும் பொன்னேரியும் பெயர் மாறாமல் தப்பித்தன. ஆவடி, மாதவரம் பக்கத்துக்காரர்கள் பாடு திண்டாட்டம். அந்தத் தொகுதிகளே அப்போது கிடையாது. அத்தை பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது. மாமா பெயரில் இரண்டு எழுத்து. வயது 45 என்று போட்டிருந்தது.

"2005-லே உங்களுக்கு 57 ஆச்சே அத்தை?"

"இருக்கட்டும் நைனா. அது அப்படியே இருக்கட்டும்" என்றார் அத்தை, முகத்தில் ஒரு சின்ன வெட்கத்தோடு.

டிசம்பர் 19-ம் தேதி வரைவுப் பட்டியல் வந்தது. அத்தை பெயர் இருந்தது. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏனென்றால் நவம்பரிலேயே, பழைய பட்டியலில் தன் பெயரைப் பார்த்த சந்தோஷத்தில், அத்தை அடுத்த ஆர்டரைப் போட்டுவிட்டார்.

"அப்டியே எங்க தாத்தாவோட அண்ணனையும் தேடிக் குடேன். கப்பல் ஏறி நேத்தாலுக்குப் போனவரு. போனவரு போனவருதான்."

நேத்தால் என்றால் நேட்டால். தென் ஆப்பிரிக்கா. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரிந்த கதை. அத்தையின் தாத்தா எனக்குக் கொள்ளுத்தாத்தா. அவருடைய அப்பா எள்ளுத்தாத்தா. (பாட்டன்மார்களுக்குத் தானியக் கடையிலிருந்து பெயர் வைத்த ஒரே ஜாதி உலகத்தில் நாமாகத்தான் இருக்கும்!) கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் இருபது இருபத்திரண்டு வயதில், 1900 வாக்கில், யாரோ ஒரு மேஸ்திரியோடு மெட்ராஸுக்குப் போனார். அங்கிருந்து கப்பல். கடுதாசி இல்லை, காசு இல்லை, தகவல் இல்லை.

நானும் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தேன். வெள்ளைக்காரன் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை ஜனத்தொகைக் கணக்கு எடுத்தானே, அதில் பெயர் இல்லாமலா போகும்? இங்கிலாந்தில் 1921-ல் எடுத்த கணக்கை 100 வருஷம் பூட்டி வைத்து 2022 ஜனவரியில் இன்டர்நெட்டில் திறந்துவிட்டார்கள். காசு கட்டினால் பாட்டன் எந்தத் தெருவில் எந்த வீட்டில் எத்தனை பேரோடு இருந்தார் என்று அவர்கள் கைப்பட எழுதின தாளையே பார்க்கலாம். அமெரிக்காவில் 72 வருஷம் பூட்டு. 1950-ல் எடுத்தது 2022 ஏப்ரல் 1-ம் தேதி வெளியே வந்தது. அங்கேயும் ஓட்டை இல்லாமல் இல்லை. இங்கிலாந்தின் 1931 கணக்கு 1942-ல் தீப்பிடித்து எரிந்துபோனது. 1941-ல் யுத்தம், கணக்கே எடுக்கவில்லை. ஆக 1921-க்கு அப்புறம் அவர்களுக்கு ஒரேயடியாக 30 வருஷம் இருட்டு. அமெரிக்காவிலும் 1890 கணக்கில் பெரும்பகுதி 1921 தீ விபத்தில் போச்சு.

நம் ஊரில்? தீயெல்லாம் வேண்டாம், நாமே கழித்துவிட்டோம்!

சென்னை ராஜதானியில் 1871 நவம்பர் 15-ம் தேதி தலை எண்ணினார்கள். 1881 பிப்ரவரி 17-ம் தேதி ராத்திரி இந்தியா முழுவதும் ஒரே சமயத்தில் எண்ணினார்கள். வீட்டுக்கு வீடு போய்ப் பெயர், வயது, ஜாதி, தொழில் எல்லாம் எழுதத்தான் செய்தார்கள். ஆனால் எழுதிய சீட்டிலிருந்து கூட்டல் போட்டு, தாலுகா கணக்கு, ஜில்லா கணக்கு என்று அறிக்கை அச்சடித்தபின் சீட்டுகளை வைத்துக்கொள்ளவில்லை. தொகை மிஞ்சியது, ஆள் மிஞ்சவில்லை. கணக்கு எழுதுகிறவன் பாஷையில் சொன்னால், லெட்ஜர் இருக்கிறது, வவுச்சர் எதுவுமே இல்லை. எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த 1948 சென்சஸ் சட்டம் இன்னும் கறார். அதன் 15-வது பிரிவுப்படி, கணக்கெடுப்பவர் எழுதிக்கொண்டு போன தாளைப் பார்க்க யாருக்கும் உரிமை கிடையாது. கோர்ட்டில் சாட்சியமாகவும் செல்லாது. இதற்கு நியாயம் இருக்கிறது. வீட்டுக்கு வந்தவரிடம் நீங்கள் சொன்னது நாளைக்கு உங்கள் பங்காளி கையில் கிடைத்தால் என்ன ஆகும்? ஆனால் இங்கிலாந்து மாதிரி '100 வருஷம் கழித்துத் திறப்போம்' என்று ஒரு ஷரத்து போட்டிருக்கலாம். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ம் தேதியைக் குறித்திருக்கிறார்கள். 1931-க்குப் பிறகு முதல் தடவையாக எல்லா ஜாதியையும் எண்ணப் போகிறார்கள். இந்தத் தடவை பேப்பருக்குப் பதில் செல்போன். எனது எள்ளுப்பேரன் என்னைத் தேடினால் அதிலும் கிடைக்க மாட்டேன்.

அத்தைக்கு இதை விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ நம்ம பேரை எழுதினு போறாங்களே, அது எங்கதான் போவுது?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

இருந்தாலும் அந்த அறிக்கைகளைச் சும்மா சொல்லக் கூடாது. சென்சஸ் இணையதளத்தில் பழைய புத்தகங்களை ஏற்றி வைத்திருக்கிறார்கள். தாத்தா கிடைக்கவில்லை என்றாலும் தாத்தா வாழ்ந்த காலம் கிடைக்கிறது. சென்னை ராஜதானியில் 1871-ல் 3 கோடியே 12 லட்சம் பேர். 1881-ல் 3 கோடியே 8 லட்சம்! பத்து வருஷத்தில் கூடியிருக்க வேண்டிய ஜனம் குறைந்திருக்கிறது. நடுவில் வந்தது 1876-78 பஞ்சம். 'தாது வருஷப் பஞ்சம்' என்று நம் கிழவிகள் சொல்வது அதைத்தான். எள்ளுத்தாத்தா அதில் பிழைத்தார் என்பதற்கு அத்தாட்சி நான்தான். 1961 சென்சஸில் இன்னொரு வேடிக்கை: தலை எண்ணப் போனவர்கள் செங்கல்பட்டு மாவட்டத்துக் கோயில்களையும் எண்ணித் தனிப் புத்தகமே போட்டுவிட்டார்கள்.

தாத்தாவைத் தேடுவதில் இரண்டாவது சிக்கல், மாவட்டம். என் ஆயா, அதாவது அப்பாவின் அம்மா, திருத்தணிப் பக்கம். அந்த ஊர் 1911 வரை வட ஆற்காடு. 1911-ல் சித்தூர் மாவட்டம் பிறந்ததும் அதில் போயிற்று. மாநிலம் பிரிந்தபோது ஆந்திராவில் மாட்டிக்கொண்டு, ம.பொ.சி. போன்றவர்கள் போராடி, 1960 ஏப்ரல் 1-ம் தேதி செங்கல்பட்டு மாவட்டத்துக்குத் திரும்பியது. 1997-ல் திருவள்ளூர் மாவட்டம். ஆயாவின் பிறந்த வீடு ஒரு அடிகூட நகரவில்லை. நான்கு மாவட்டம் பார்த்துவிட்டது. எந்த ஆபீஸில் போய் எந்த வருஷத்து ரிஜிஸ்தரைக் கேட்பது?

மூன்றாவது சிக்கல்தான் பெரிசு. பெயர்! நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல். அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும் பிள்ளைக்கு வரும், பேரனுக்கு அதுவும் போய்விடும். போதாக்குறைக்குத் தாத்தா பெயரையே பேரனுக்கு வைப்போம். 'பெயரன்'தான் 'பேரன்' ஆனான் என்று தமிழ் ஐயா சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? ஆக ஒரே வம்சத்தில் முனுசாமி மகன் ஏழுமலை, ஏழுமலை மகன் முனுசாமி, முனுசாமி மகன் ஏழுமலை... பாலன்ஸ் கீழே இறங்கி, அடுத்த பக்கத்தில் மறுபடி மேலே ஏறுகிற மாதிரி! எங்கள் வீட்டுப் பெயர் எது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரியபாளையத்தம்மன் திருவிழாவில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

அப்பா பெயர் தெரியாமல் தேடுவது வீண். எள்ளுத்தாத்தா பெயரோ அத்தைக்கே தெரியாது. 'வழி' என்று பார்த்தால் நிலம்தான் வழி. தமிழ்நாட்டில் மனிதனுக்கு இல்லாத ஜாதகம் நிலத்துக்கு இருக்கிறது. பட்டா, சிட்டா, அ-பதிவேடு எல்லாம் இப்போது இணையத்தில் பார்க்கலாம். வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975-லிருந்து கிடைக்கிறது. அதற்கு முன்னால் வேண்டுமென்றால் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். முன்பெல்லாம் ஊர்க் கர்ணமே ஒரு நடமாடும் வம்சாவளிப் புத்தகம். 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. பரம்பரைப் பதவி போனது நல்ல காரியம்தான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் தலைக்குள் இருந்த ஊர்க்கதையும் கூடவே போய்விட்டது. எங்கள் பக்கத்தில் இன்னொரு உபாயம் உண்டு. தொழிற்பேட்டைக்கோ ரோட்டுக்கோ நிலம் எடுத்தால், சர்வே நம்பரோடு உடைமைக்காரர் பெயரையும் கெஜட்டில் போடுவார்கள். நிலம் போன குடும்பத்துக்குத் தாத்தா பெயர் அச்சில் கிடைக்கும்!

எங்களுக்குக் கைகொடுத்தது அத்தையின் டிரங்குப் பெட்டி. அடியில், மஞ்சள் பையில், செல்லரித்த ஒரு கிரயப் பத்திரம். 1934-ல் எழுதியது. பத்திரம் எழுதுகிறவர்கள் வாழ்க! பழைய காலத்தில் 'செங்கல்பட்டு ஜில்லா பொன்னேரி தாலுகா' என்று தொடங்கி, கிராமம், ஜாதி, தொழில், இன்னார் குமாரர் இன்னார் என்று ஆதியோடந்தமாக எழுதாமல் விடமாட்டார்கள். அந்த 'குமாரர்' என்ற வார்த்தைக்கு முன்னால் எங்கள் எள்ளுத்தாத்தா உட்கார்ந்திருந்தார்! நூறு வருஷம் பெட்டிக்குள் இருந்த மனுஷன். அத்தை அந்த எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். எனக்கும் தொண்டையில் என்னமோ செய்தது.

இனி கப்பல். இங்கேதான் ஆச்சரியம். ஊரிலேயே இருந்தவர்களைப் பற்றி சர்க்கார் ஒரு சீட்டைக்கூட வைத்திருக்கவில்லை; ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறினவர்களைப் பற்றிய ஜாபிதா பத்திரமாக இருக்கிறது! கரும்புத் தோட்டத்து முதலாளிக்குத் தான் காசு கொடுத்து வரவழைத்த ஆளுக்குக் கணக்கு வேண்டுமே.

'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து சுமார் 340 பேரோடு கிளம்பி 1860 நவம்பர் 16-ம் தேதி டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், அப்புறம் வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. (இந்த இன்கிரிமென்ட் எனக்குப் பரிச்சயமானதாக இருக்கிறது.) ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். பெயர், அப்பா பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாணா, கிராமம், உயரம், உடம்பில் அடையாளம், கப்பல், எந்த முதலாளி என்று வரிசையாகக் கட்டங்கள். இந்தப் பட்டியல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் இணையத்தில் வைத்திருக்கிறது. மொரீஷியஸ்காரர்களுக்கு மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட். அங்கே 1860-களிலிருந்து எடுத்த போட்டோக்கள்கூட உண்டு.

இன்னொன்று கவனித்தேன். ஜாபிதாவில் பெண்களுக்கும் தனி நம்பர், தனி வரி. மடியில் இருந்த குழந்தைக்கும். எங்கள் கிரயப் பத்திரத்தில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. கொள்ளுப்பாட்டி பெயர் அத்தையோடு போனால் போயிற்று. ஊரை விட்டுக் கரும்பு வெட்டப் போனவளுக்குச் சர்க்கார் கணக்கில் இடம் கிடைத்திருக்கிறது. வீட்டோடு இருந்தவளுக்கு இல்லை.

அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் தேடுகிறவர்கள் நிறையப் பேர். டிரினிடாட் பிரதமர் கம்லா பெர்சாத் பிசேசர் 2012-ல் தன் முன்னோரின் ஊரைத் தேடி பீகாரில் பேல்பூர் கிராமத்துக்கே வந்தார். இப்போது அதில் கைமேல் பலனும் இருக்கிறது. வெளிநாட்டு இந்தியர் அட்டையை 2024-ல் மொரீஷியஸின் ஏழாவது தலைமுறைக்கும், 2025-ல் டிரினிடாடின் ஆறாவது தலைமுறைக்கும் நீட்டிப்பதாக அறிவித்திருக்கிறார்கள். அதற்குக் கப்பல் நம்பர் வேண்டும். நமக்கு அந்த அட்டை வேண்டாம். ஆனால் காகிதம் வேண்டியதில்லை என்று சொல்லிவிட முடியாது. அஸ்ஸாமில் 1951 பதிவேட்டிலோ 1971-க்கு முந்தைய வாக்காளர் பட்டியலிலோ பாட்டன் பெயரைக் காட்டச் சொன்னார்களே! 2019 ஆகஸ்ட் 31-ம் தேதி இறுதிப் பட்டியல் வந்தபோது 19 லட்சம் பேர் பெயர் இல்லை. அத்தை திண்ணையில் கேட்ட கேள்வியை அங்கே எத்தனை அத்தைகள் கேட்டிருப்பார்களோ.

சரி, எங்கள் ஆளுக்கு வருகிறேன். முனுசாமி என்ற ஒரு பெயரையே வெள்ளைக்காரக் குமாஸ்தா எத்தனை விதமாக எழுதுவான்! முனிசாமி, மூனுசாமி, மூன்சாமி, முன்சமி... தென் ஆப்பிரிக்காவில் முதலியார் 'மூட்லி' ஆனார், கவுண்டர் 'கவெண்டர்' ஆனார். அந்த மாதிரி எங்கள் வீட்டுப் பெயரையும் பதினோரு விதமாக அடித்துப் பார்த்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் எனக்கு நேரம். சிப்காட் இரண்டாம் ஷிப்ட் பஸ் வீட்டைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்கும். அப்புறம் நானும் அந்தப் பட்டியலும்தான். செங்கல்பட்டு ஜில்லா, பொன்னேரி தாணா. கிராமத்துப் பெயர்கள் வாயில் நுழையாத ஸ்பெல்லிங்கில் இருக்கும். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் திடீரென்று நாம் தினமும் பஸ்ஸில் போகிற ஊர் பதில் சொல்லும்! ஒரே ஊரிலிருந்து ஒரே கப்பலில் நாலைந்து பேர். இரண்டு இடத்தில் அண்ணன் தம்பி மாதிரித் தெரிந்தது. தேடிப் போனவரை விட்டுவிட்டு அவர்கள் பின்னாலேயே போய்விட்ட ராத்திரிகள் உண்டு.

கணக்கில் ஒரு தொகை யாருடையது என்று தெரியாவிட்டால் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுவோம். ஆள் வந்து கேட்டதும் அங்கிருந்து எடுத்து அவர் பக்கத்தில் எழுதுவோம். ஜனவரி முதல் வாரம் என் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். இரண்டு பேருக்கும் எங்கள் வீட்டுப் பெயர். இரண்டு பேருக்கும் அப்பா பெயர் பத்திரத்தில் இருந்த அதே பெயர். ஒருவருக்கு வயது 20, இன்னொருவருக்கு 24. வேறு வேறு வருஷம், வேறு வேறு கப்பல். ஒருவருடைய கிராமம் எங்கள் ஊர் மாதிரியும் இருக்கிறது, பக்கத்து ஊர் மாதிரியும் இருக்கிறது. இன்னொருவருக்கு அந்தக் கட்டத்தில் தாணாவோடு சரி. இளையவருக்கு இடது முழங்காலில் தழும்பு.

போகிக்கு முந்தின நாள் அத்தையிடம் போய்ப் படித்துக் காட்டினேன். தழும்பு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க தாத்தா சொல்வாரு, அண்ணனுக்குக் கால்ல கலப்பை குத்தின தழும்புன்னு..."

"அப்படின்னா இவர்தான் அத்தை!"

"அவசரப்படாதே நைனா. ஏர் ஓட்டினவன் எவனுக்குக் கால்ல தழும்பு இல்லே?"

இரண்டு பேரும் சும்மா இருந்தோம். எங்கள் வீட்டில் பொங்கலன்று முன்னோருக்குப் படையல் உண்டு. செத்துப்போனது நிச்சயம் தெரியாது என்பதால் கப்பலேறினவருக்கு மட்டும் இத்தனை வருஷமாக இலை போட்டதில்லையாம். போட்டால் ஆள் திரும்பி வந்தாலும் வரமாட்டார் என்று கொள்ளுத்தாத்தா தடுத்துவிட்டாராம். அத்தை சொல்லித்தான் எனக்கே தெரியும். 1900-ல் போனவர் இனியா வரப்போகிறார்?

"இந்த வருஷம் போட்டுடலாம்" என்றார் அத்தை.

"எந்த ஊர்க்காரர்னு நிச்சயம் இல்லாமலா?"

"ரெண்டு இலையா போடு. எவன் நம்மாளோ அவன் துன்னட்டும். இன்னொருத்தனுக்கும் அங்க யாரு போட்டிருக்கப் போறாங்க?"